கடிகாரப் பிரசங்கம்

கிறிஸ்தவத் தமிழ்க் கவிதையில் இயற்கை இல்லை, இயற்கையைச் சாக்காக வைத்த போதனைதான் இருக்கிறது என்றார் நம் வட்டத்து நண்பர் ஒருவர். சொன்ன இடம் கூரம். இன்னொரு நண்பர் வீட்டில், அவருடைய தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கே தெரிந்திருந்தது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் போதனையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதைச் செய்தவர் என் அப்பா.

அப்பா மிஷன் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். ஐயர் வெளியூர் போன ஞாயிறுகளில் சபையில் பிரசங்கமும் செய்வார். அறுப்புப் பண்டிகைக்கு அவருடைய பிரசங்கம் எப்போதும் ஒன்றேதான். பூசணியும் வாழைத்தாரும் நெற்கட்டும் அடுக்கிய பீடத்துக்கு முன்னால் நின்று தன் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டுவார். இது தானாக உண்டானதா என்று கேட்பார். இல்லை என்று பிள்ளைகள் நாங்கள் கத்துவோம். அப்படியானால் இந்தக் கண்? என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டுவார். வில்லை, பாவை, விழித்திரை என்று கரும்பலகை இல்லாமலே வகுப்பு நடக்கும். கடைசியில் ஓர் அதட்டல்: கடிகாரத்துக்குக் கடிகாரக்காரன் வேண்டும், கண்ணுக்கு ஒருவனும் வேண்டாமா?

இது வில்லியம் பேலி 1802-இல் எழுதிய 'இயற்கை இறையியல்' நூலின் தொடக்கம் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. பொட்டல் வெளியில் காலில் இடறும் கல் கேள்வி எழுப்புவதில்லை. அங்கே கிடக்கும் கடிகாரம் எழுப்புகிறது. கேம்பிரிட்ஜில் மாணவனாக இருந்த டார்வின் பேலியை மிகுந்த ஆனந்தத்தோடு படித்தவர். அந்த ஆனந்தத்தை நான் சந்தேகிக்க மாட்டேன். எங்கள் சபையில் கத்திய பிள்ளைகளிடமும் அதுதான் இருந்தது. ஆனால் பேலியின் புத்தகம் வருவதற்கு 23 வருஷம் முன்பே, 1779-இல், ஹ்யூமின் உரையாடல் நூல் அவர் இறந்தபின் வெளிவந்துவிட்டது. உலகத்துக்கு உவமை சொல்லக் கடிகாரத்தை ஏன் எடுக்க வேண்டும், ஒரு செடியை, ஒரு மிருகத்தை எடுத்தால் என்ன என்று அதில் ஒரு பாத்திரம் கேட்கிறது. பிராமணர்கள் உலகத்தை ஒரு சிலந்தியின் வயிற்றிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்களாமே, ஒழுங்கு மூளையிலிருந்துதான் பிறக்க வேண்டுமா, வயிற்றிலிருந்து நூற்கப்படக் கூடாதா என்று கேலியாக ஒரு கேள்வி. ஹ்யூமுக்கு அது கேலி. முண்டக உபநிஷத்தில் அந்தச் சிலந்தி கேலி இல்லை. தன்னிலிருந்தே நூலை விட்டுத் தன்னுள்ளேயே இழுத்துக்கொள்கிறது. வேலைக்காரனும் வேலையும் வேறு வேறாகப் பிரியாத ஒரு பிம்பம் அது. பட்டு நெய்கிற ஊரில் உட்கார்ந்து படிக்கும்போது, கடிகாரத்தைவிட அந்த வயிறு எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

தறிக்கே வருகிறேன். நண்பரின் குழித்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கி, ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும்பும், இல்லாத இடத்தில் கிடக்கும். கரையில் மாங்காயும் இருதலைப் பட்சியும் அப்படித்தான் வருகின்றன. டிசைன் என்ற சொல் கூரத்தில் இறையியல் சொல் அல்ல. ஒரு கட்டு அட்டைக்குப் பெயர் டிசைன். அது வெளியிலிருந்து வருகிறது. யாரோ வரைந்து, யாரோ துளை அடித்துக் கொடுத்தது.

இந்த அட்டைகளுக்கும் பேலியின் கடவுளுக்கும் நேரடியான உறவு உண்டு என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. ஜக்கார்டின் பொறி பிரான்ஸின் லியோன் பட்டு நெசவாளர்களிடையே 1804 வாக்கில் வந்தது. லண்டனில் சார்ல்ஸ் பாபேஜ், ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றைத் தன் வீட்டில் வைத்திருந்தார். பட்டில் நெய்த படம். அதை நெய்ய 24,000 அட்டைகள். தன் கணக்குப் பொறிக்கும் அதே வகை அட்டைகளை எடுத்துக்கொண்டார். இன்றைய கம்ப்யூட்டரின் வம்சாவளி இங்கே தொடங்குவதாகச் சொல்வார்கள். இதே பாபேஜ் 1837-இல் ஓர் இறையியல் நூலும் எழுதினார். பிரிட்ஜ்வாட்டர் பிரபு என்பவர் இறக்கும்போது, படைப்பில் கடவுளின் வல்லமையையும் ஞானத்தையும் நிறுவும் நூல்களுக்கென்று 8,000 பவுன் எழுதிவைத்தார். அதைக்கொண்டு 1833 முதல் 1836 வரை எட்டு நூல்கள் வந்தன. பணம் வாங்காமல், யாரும் கேட்காமல், பாபேஜ் எழுதியது 'ஒன்பதாவது பிரிட்ஜ்வாட்டர் நூல்'. பொறி 1, 2, 3 என்று எண்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே போகிறது. பத்துக் கோடியே ஒன்று வரை ஒரு பிசகும் இல்லை. அடுத்து வருவது நீங்கள் எதிர்பார்த்த எண் அல்ல, அதைவிடப் பத்தாயிரம் கூடுதல். பொறி கெட்டுவிட்டதா? இல்லை, தொடக்கத்திலேயே அப்படி அமைத்தாயிற்று. அற்புதங்களும் அப்படியே, விதி மீறல் அல்ல, நாம் அறியாத இன்னொரு பெரிய விதி என்பது அவர் வாதம்.

புத்திசாலித்தனமான வாதம். முதல் தடவை படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இரண்டாம் தடவை மூச்சு முட்டியது. இந்தக் கடவுள் அட்டை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர். தறியில் அவருக்கு வேலை இல்லை. நான் இதை நண்பரிடம் சொன்னேன். அவர் நாடாவை நிறுத்தாமலே, "அட்டைல இருக்கறது பூ மட்டும்தாங்க. மழ நாள்ல குழியில ஈரம் ஏறி பாவு வேற மாதிரி நிக்கும். அது அட்டைக்கு எப்படித் தெரியும்? கைதான் பாத்துக்கணும்" என்றார். அதோடு விட்டுவிட்டு ஜரிகை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

தமிழில் இந்தச் சிந்தனை வந்து சேர்ந்த வழி கேம்பிரிட்ஜ் அல்ல, தரங்கம்பாடி. 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரிகளின் மூலக்கிணறு ஹாலே நகரம். படைப்பைப் பார்ப்பதும் பக்தியின் பகுதி என்று நம்பிய மரபு அவர்களுடையது. ரோட்லர் ஒரு பக்கம் தமிழ் அகராதிக்குச் சொல் சேர்த்தார், இன்னொரு பக்கம் செடிகளை உலர்த்தி ஒட்டினார். கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் கடற்கரையில் மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியலாளருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் சந்தையில் கத்தாழை என்று கிடைக்கும் மீன்களில் ஒரு பேரினத்துக்கு விஞ்ஞானப் பெயர் 'ஜோனியஸ்'. பிளாக் வைத்த பெயர், இந்த ஜானை நினைத்து. ஜானின் பிரசங்கங்களை இன்று யாரும் தேடுவதில்லை. மீனின் பெயரில் அவர் இருக்கிறார். ஒரு செதிலையும் ஒரு துடுப்பையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான் அவருடைய ஜெப நேரம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அது என் ஆசை மட்டுமே.

இந்தச் சூழலில் படித்து வந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). ஷ்வார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு. சரபோஜி மன்னரும் அதே ஷ்வார்ட்ஸின் கையில் வளர்ந்தவர்தான். சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி' 1800-ஐ ஒட்டியது. குறவஞ்சித் தலைவி நிலவைப் பழிப்பாள், தென்றலைப் பழிப்பாள். வானம் அவள் விரகத்துக்கு ஒரு திரை. அந்த வானத்துக்குள் கோப்பர்நிக்கஸைக் கொண்டுவந்து நிறுத்தினார் சாஸ்திரியார். சூரியன் நடுவில், பூமியும் கோள்களும் சுற்றில். பாடுவது குறவஞ்சியின் மெட்டில், குறத்தியின் பெயர் விசுவாசம்.

நம் விமர்சகர்கள் இந்த நூலை இரண்டு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். ஒன்று, கிறிஸ்தவ இலக்கிய வரலாறு என்ற பெட்டிக்குள் வைத்துப் பாராட்டிப் பூட்டுவது. மற்றது, படிக்காமலே பிரசாரம் என்று தள்ளுவது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. நண்பரின் குற்றச்சாட்டு நூலின் பல பகுதிகளுக்குப் பொருந்தும். உருவகம் முதலில் வந்து நிற்கிறது, உருவம் பின்னால் ஓடி வருகிறது. சிங்கன் வலை விரித்தால் அது ஆத்துமாக்களுக்கு விரித்த வலை என்று நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பறவை சிறகடிக்க நேரமே இல்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலத்தில் குரங்கு குரங்காகவே இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஆனால் வானியல் பகுதியில் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. குறவஞ்சியின் பழைய வழக்கம் பட்டியல்: மலைகள், நாடுகள், பறவைகள். குறத்தி வாதாடுவதில்லை. பார்த்தேன், நடந்தேன், இது இன்னது என்று பெயர் சொல்லிக்கொண்டு போகிறாள். கோள்களும் அந்தப் பட்டியலுக்குள் வந்து சேரும்போது அவை எதற்கும் சாட்சியாக நிற்பதில்லை. சனியும் வியாழனும் அவள் கால்பட்ட மலைகளைப் போல ஆகிவிடுகின்றன. மிஷனரிப் பாடசாலை கொடுத்த நிரூபணத்தைத் தமிழ் வடிவம் தின்று செரித்துவிட்டது. இது சாஸ்திரியாரின் உத்தேசம்தானா என்று கேட்டால் எனக்கு அக்கறையில்லை. (குறத்தியின் தொழிலே கைரேகையிலிருந்து ஒரு வாழ்க்கையின் திட்டத்தைப் படித்துச் சொல்வது என்பதையும் யோசிக்கலாம். பேலியைவிட அவள் மூத்தவள்.)

யாழ்ப்பாணத்தில் கதை வேறு மாதிரி. வட்டுக்கோட்டைச் செமினரியில் டேனியல் பூர், 1829 மார்ச் 20-ஆம் தேதி சந்திர கிரகணத்துக்குப் பஞ்சாங்கம் சொன்ன கணக்கில் பிழை இருக்கிறது என்று முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் அவர் கணக்கின்படி நடந்தது. பஞ்சாங்கம் தோற்றால் அதன் சமயமும் தோற்றது என்பது எதிர்பார்ப்பு. அப்படி ஒன்றும் ஆகவில்லை. அதே செமினரியின் ஹோய்சிங்டன் 1848-இல் தமிழ்ச் சோதிட நூலான உள்ளமுடையானை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த செய்தி. நிலவை ஆயுதமாக்கியவர்களின் வீட்டிலேயே ஒருவன் எதிராளியின் கணக்கை உட்கார்ந்து படித்திருக்கிறான்.

இதெல்லாம் பழங்கதை, 1859-இல் டார்வின் எல்லாவற்றையும் முடித்துவிட்டாரே என்று கேட்கலாம். பேலியின் வாதத்தை முடித்தார், சந்தேகமில்லை. கண்ணைப் பற்றிய கஷ்டத்தைத் தன் நூலில் தானே எழுப்பித் தானே பதிலும் சொன்னார். ஒளி உணரும் ஒரு தட்டைத் தோல் வில்லையுள்ள கண்ணாக மாற நாலு லட்சம் தலைமுறைக்கும் குறைவாகவே போதும் என்று 1994-இல் நில்சனும் பெல்கரும் கணக்கிட்டார்கள். டார்வினுக்கு வருத்தம் இன்னொரு இடத்தில் இருந்தது. உயிருள்ள கம்பளிப்புழுவுக்குள் தன் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்ன விடும் குளவியை, நல்ல கடவுள் ஒருவர் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்று 1860-இல் ஏசா கிரேக்கு எழுதினார். கிரே தாவரவியலாளர், கிறிஸ்தவர், டார்வினின் நண்பர். அவரை விட்டு டார்வின் இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்?

குளவி வரைக்கும் போக வேண்டாம். கூரத்துத் தறியில் இருக்கும் பட்டு போதும். ஒரு கூட்டில் 600 முதல் 1,000 மீட்டருக்கு மேலும் ஒரே இழை. இழை அறாமல் இருக்க, புழு அந்துப்பூச்சியாகி வெளியே வருமுன் கூட்டோடு வெந்நீரில் போடுகிறார்கள். தப்பித்து வெளியே வந்தாலும் அதனால் பறக்க முடியாது. ஆயிரக்கணக்கான வருஷம் மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் சிறகு இருந்தும் பறக்கும் சக்தி போய்விட்டது. மனிதன் கைவிட்டால் அந்த இனமே இருக்காது. ஒரு நோக்கத்துக்காகத் திட்டமிட்டு உண்டாக்கிய உயிர் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இதோ இருக்கிறது. டிசைன் வாதக்காரர்கள் கடவுளுக்குக் கொடுக்க விரும்பும் பட்டம் இதுவானால், கிறிஸ்தவனாக நான் அதை அவருக்காக மறுக்கிறேன்.

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கிளாக்கோமா. கண்டுபிடித்தபோது தாமதமாகிவிட்டது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து ஐந்து வருஷத்தில் போய்விட்டது. நோய் தாக்கும் இடம் எதுவென்று அவருக்குத் தெரியும். மனிதக் கண்ணில் நரம்பிழைகள் விழித்திரைக்கு முன்பக்கமாக ஓடி, ஓர் இடத்தில் கட்டாகச் சேர்ந்து அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. அந்த இடத்தில் பார்வை கிடையாது. ஆக்டோபஸின் கண்ணில் இழைகள் பின்பக்கம், அதற்குக் குருட்டுப் புள்ளியே இல்லை. நரம்புகள் கட்டாகச் சேரும் அந்த வாசலில்தான் கிளாக்கோமா வேலை செய்கிறது. முப்பது வருஷம் வகுப்பில் படம் போட்டுப் பெயர் எழுதிய இடம்.

அறுப்புப் பண்டிகைப் பிரசங்கத்தை அவர் நிறுத்திவிட்டார். நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கல்லூரியில் வாசித்த திமிரில், இப்போது கடிகாரக்காரனைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பதிலும் சொல்லவில்லை. யோபு புஸ்தகத்தை எடுத்து 38-ஆம் அதிகாரத்திலிருந்து வாசி என்றார். பத்தொன்பதாம் சங்கீதத்தைக் கேட்பார் என்று நினைத்திருந்தேன், வானங்கள் பேசும் அந்தச் சங்கீதத்தை. அவர் கேட்டது இதை.

அதற்குமுன் அந்த அதிகாரங்களை நான் சரியாகப் படித்ததில்லை என்று வாசிக்கும்போது தெரிந்தது. யோபு நியாயம் கேட்கிறான். பெருங்காற்றிலிருந்து பதில் வருகிறது. பேலியாக இருந்தால் இந்த இடத்தில் கண்ணையும் கையையும் காட்டி எல்லாம் உன் நன்மைக்கே என்றிருப்பார். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. மனுஷன் குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்கிறது, யாருக்காகவும் அல்ல. காட்டுக் கழுதை யாருக்கும் வேலை செய்யாது. தீக்கோழி முட்டையை மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது, மிதிபடுமே என்ற கவலையில்லாமல்; அதற்குப் புத்தி கொடுக்கவில்லை என்று கொடுக்காதவரே சொல்கிறார், பெருமையாக. நிரூபணம் இல்லை, ஆறுதலும் இல்லை. தன் படைப்பைத் தானே பார்த்துத் தீராத ஒருவரின் வர்ணனை. உபயோகம் என்ற சொல்லையே அது அறியவில்லை.

டிசைன் வாதத்துக்கு வேதாகமத்தில் ஆதாரமாக எல்லோரும் எடுப்பது ரோமர் முதல் அதிகாரம் இருபதாம் வசனம். உண்டாக்கப்பட்டவைகளைக்கொண்டு காணப்படாதவை தெளிவாகின்றன என்பது அதன் கருத்து. உண்டாக்கப்பட்டவை என்ற இடத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'பொயேமா'. கவிதைக்கு ஐரோப்பிய மொழிகள் வைத்திருக்கும் பெயர் இதிலிருந்து வந்தது. இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். கவிதையிலிருந்து கவிஞனின் உத்தேசத்தை உருவி எடுத்து அதுதான் கவிதை என்று காட்டும் விமர்சனத்தை நாம் எத்தனை காலமாக எதிர்த்து வருகிறோம்! விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-இல் அந்தத் தவறுக்குப் பெயரே வைத்தார்கள். விம்ஸாட் கத்தோலிக்கர். கவிஞன் ஒருவன் இருந்தான் என்று நிரூபிப்பதற்காக யாரும் கவிதை படிப்பதில்லை. பேலியும் பாபேஜும் என் அப்பாவும் படைப்பை அப்படித்தான் படித்தார்கள். அவர்களை மறுத்துப் புத்தகம் போடும் நாத்திகர்களும் அப்படியே படிக்கிறார்கள், ஆசிரியர் பெயர் இல்லை என்று அட்டையைக் காட்டிக்கொண்டு. ஐன்ஸ்டீனின் சமன்பாட்டையே தலைப்பாக்கிப் பிரமிள் எழுதிய கவிதையில் விஞ்ஞானம் எதற்கும் அத்தாட்சியாக நிற்கவில்லை. நம் மொழியில் அது நடந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கூரம் இதற்கெல்லாம் பொருத்தமான ஊர்தான். கூரத்தாழ்வான் பிறந்த ஊர். சோழ அரசன் முன் ராமானுஜருக்குப் பதிலாகப் போய் நின்று கண்களை இழந்தவர் என்பது வைணவ மரபு. பிறகு காஞ்சி வரதனிடம் பார்வை கேள் என்று ராமானுஜர் அனுப்ப, அவர் வரதராஜ ஸ்தவத்தைப் பாடினார். அது பார்வையற்றவர் அங்கம் அங்கமாகச் செய்த அழகின் வர்ணனை. வரம் கேட்கும் நேரம் வந்ததும் கண்ணைக் கேட்கவில்லை. தன் கண் போகக் காரணமான நாலூரானுக்கும் தனக்குக் கிடைக்கும் கதியே கிடைக்க வேண்டும் என்று கேட்டார். என் மதத்துக்காரர் இல்லை. ஆனால் கண்ணைப் பற்றி பேலி எழுதிய பக்கங்கள் இந்தக் கதைக்கு முன்னால் எவ்வளவு சிறுத்துப்போகின்றன!

இதே ஊரில் 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேஸ்வரவர்மன் எடுத்த சிவன் கோயில் சிதைந்து நிற்கிறது. அதற்கு நிலம் விட்ட செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறது. அதை அறிந்தபோது எனக்கு அப்பாவின் கட்டிலும் யோபும்தான் ஞாபகம் வந்தன.

அந்த முதல் நாளுக்குப் பிறகு பல ராத்திரிகள் வாசித்தேன். அவர் அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை தீக்கோழி இடம் முடிந்து குதிரைக்குப் போயிருந்தேன். "நில்லு. அந்தக் கோழியை இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். முட்டையை விட்டுவிட்டு அது ஓடுகிற இடத்தில் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாக, வெகுநேரம். அம்மா சமையலறையிலிருந்து வந்து என்ன என்று கேட்டுவிட்டுப் போனாள்.